ஸ்பெயினில் மலிவு வீடு: விலை ஏன் குறைவு என்று முதலில் கேளுங்கள்

வாசகர் கேள்வி – பதில்

ஸ்பெயினில் வீடு வாங்குவது பற்றி மலேசிய வாசகர்கள் எழுதிய கடிதங்களில் ஒத்தவற்றைச் சேர்த்துப் பதில் தருகிறோம். தொகைகள் எல்லாம் யூரோவில். மலேசிய வெள்ளிக்கு (ரிங்கிட்) மாற்றிப் பார்க்கும்போது வங்கி பிடிக்கும் கழிவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்பெயினில் மூன்று அறை வீடு 28,000 யூரோ என்று இணையத்தில் விளம்பரம் வருகிறது. மலேசியக் குடிமகன் வாங்க முடியுமா? இதில் ஏதாவது மோசடி உண்டா?
– வாசகர், செந்தூல்

வாங்கலாம். சொந்தப் பெயரிலேயே, நிரந்தர உரிமையோடு வாங்கலாம். நம் நாட்டில் வெளிநாட்டவர் வாங்கும் வீட்டுக்கு மாநிலந்தோறும் குறைந்தபட்ச விலை இருக்கிறதே, அப்படியொரு வரம்பு அங்கே கிடையாது.

விலையும் பெரும்பாலும் மோசடி இல்லை. ஆனால் அந்த விலைக்கு ஒரு காரணம் இருக்கும். மிகச் சாதாரணமான காரணம் இடம்தான். ஹாயென், சியுதாத் ரெயால், தெருயெல் போன்ற உள்நாட்டு மாநிலங்களில் இளையவர்கள் நகரங்களுக்குப் போய்விட்டார்கள், வீடுகள் மிஞ்சிக் கிடக்கின்றன. கடலோர ஊர்களில் மலிவாக வருபவை பெரும்பாலும் 1960, 70களில் கட்டிய, மின்தூக்கி இல்லாத நான்கு, ஐந்து மாடிக் கட்டடங்களின் மேல்தளங்கள். ஓய்வுபெற்றபின் போய்த் தங்க நினைப்பவர்கள் இந்த ஒன்றையாவது யோசிக்க வேண்டும்.

உண்மையில் கவனிக்க வேண்டியது விளம்பரத்தின் கடைசி வரிகளில் வரும் சில ஸ்பானியச் சொற்களை. 'நூதா புரொபியெதாத்' என்றிருந்தால் நீங்கள் வாங்குவது வெறும் உரிமையை மட்டும். உள்ளே இருக்கும் முதியவர் தம் ஆயுள் முடியும்வரை அங்கேயே வாழ்வார். 'புரோஇந்திவீசோ' என்றால் வீட்டில் ஒரு பங்கு மட்டும் விற்பனைக்கு. மீதிப் பங்கு, நீங்கள் பார்த்தேயிராத யாரோ ஒரு சகோதரருடையது. 'ஒக்குபாதா' அல்லது 'சின் பொசெசியோன்' என்றால் உள்ளே யாரோ குடியிருக்கிறார்கள், அவர்களை வழக்குப் போட்டு வெளியேற்றுவது உங்கள் பொறுப்பு. வீட்டின் உள்ளே போய்ப் பார்க்கவும் முடியாது, கடன் தரவும் பெரும்பாலும் வங்கி முன்வராது. 'செசியோன் தெ ரெமாத்தே' என்றால் ஏலத்தில் எடுத்தவரின் உரிமையை நீங்கள் ஏற்றுக்கொள்கிறீர்கள், வீட்டை அல்ல. இந்த நான்கும் அந்த நாட்டுச் சட்டப்படி முறையான விற்பனைகளே. அனுபவமுள்ள உள்ளூர் முதலீட்டாளர்கள் வாங்குகிறார்கள். பத்தாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பவர் தொடவே கூடாதவை என்பது எங்கள் கருத்து.

ஐந்தாவது வகை 'ருஸ்திகோ', அதாவது விவசாய நிலத்தில் நிற்கும் வீடு. ஸ்பெயினின் தெற்குப் பிராந்தியமான அந்தலூசியாவின் அல்மேரியா மாநிலத்தில், அல்மன்சோரா பள்ளத்தாக்கில், முறையான அனுமதி இல்லாமல் கட்டிய வீடுகளை வெளிநாட்டவர் ஏராளமாக வாங்கினார்கள். 2008 ஜனவரியில் வெரா ஊரில் ஒரு பிரிட்டிஷ் தம்பதியின் வீடு இடிக்கப்பட்ட பிறகுதான் விஷயம் உலகுக்குத் தெரிந்தது. இப்போது இத்தகைய வீடுகளுக்கு 'ஏ.எஃப்.ஓ' என்ற அங்கீகாரம் வாங்க முடியும். அது இருந்தால் இடிக்க மாட்டார்கள், தண்ணீர், மின்சார இணைப்பு பெறலாம், பழுதுபார்க்கலாம், ஆனால் ஓர் அறைகூடக் கூடுதலாகக் கட்ட முடியாது. அதுவும் இல்லாத வீடென்றால் பேச்சை அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

கிராமப்புற நிலத்தில் இன்னொரு தடையும் உண்டு. 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஜிப்ரால்டர் நீரிணை, கார்த்தஹேனா, போர்த்துகல் எல்லை, பலேயாரிக், கனேரித் தீவுகள் போன்ற பாதுகாப்பு வட்டாரங்களில் ஐரோப்பிய ஒன்றியத்தைச் சேராதவர் நிலம் வாங்க இராணுவ அனுமதி வேண்டும். நகர்ப்புறத் திட்டத்துக்குள் வரும் அடுக்குமாடி வீடுகளுக்கு இது பொதுவாகத் தேவைப்படாது. தேவைப்படும் இடத்தில் மாதக்கணக்கில் இழுக்கும்.

90,000 யூரோவுக்கு அந்தலூசியாவில் ஒரு ஃபிளாட் பார்த்திருக்கிறோம். கையில் 95,000 இருக்கிறது. போதுமா?
– வாசகி, ஜார்ஜ்டவுன்

போதாது. ஒரு லட்சத்து இரண்டாயிரமாவது வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய வீட்டுக்கு 'ஐ.டி.பி' என்ற சொத்து மாற்று வரியை வாங்குபவர்தான் கட்டவேண்டும். நம் முத்திரைத் தீர்வை போன்றதுதான், ஆனால் பல மடங்கு கனமானது. விகிதத்தை ஒவ்வொரு பிராந்தியமும் தானே வைக்கிறது. மத்ரித் 6 விழுக்காடு, அந்தலூசியா 7, கஸ்தீயா–லா மாஞ்சா 9. வலென்சியா நீண்ட காலம் 10 வசூலித்தது. ஆகவே எல்லைக்கு அந்தப் பக்கம் விலை குறைவு என்று தாவுவதற்கு முன் வரியையும் ஒப்பிடுங்கள்.

உங்கள் 90,000க்கு வரி 6,300. நோத்தாரியோ (பத்திரத்தைச் சரிபார்க்கும் அதிகாரி), சொத்துப் பதிவகம் இரண்டுக்கும் சேர்த்து 1,200 முதல் 1,500 வரை. வழக்கறிஞர் வழக்கமாக ஒரு விழுக்காடு கேட்பார், ஆனால் சின்ன வீடுகளுக்குக் குறைந்தபட்சக் கட்டணம் என்று ஒன்று வைத்திருப்பார். 1,500 என்றால் அதன்மேல் 21 விழுக்காடு வரி, ஆக 1,815. மொழிபெயர்ப்பு, அதிகாரப் பத்திரம், பணம் அனுப்பும் செலவு தனி. புது வீடாக இருந்தால் ஐ.டி.பி கிடையாது. பதிலுக்கு 'இவா' என்ற மதிப்புக் கூட்டு வரி 10 விழுக்காடும், அந்தலூசியாவில் பத்திர வரி 1.2 விழுக்காடும் வரும்.

மலிவு வீடு தேடுபவர்கள் பெரும்பாலும் மாட்டிக்கொள்வது வேறோர் இடத்தில். 2022 ஜனவரி 1 முதல் பெரும்பாலான வீடுகளுக்கு 'கதாஸ்த்ரோ' என்ற நிலமதிப்பு இலாகா ஒரு குறிப்பு மதிப்பு வைக்கிறது. நீங்கள் கொடுத்த விலை அதைவிடக் குறைவாக இருந்தால், வரி அந்தக் குறிப்பு மதிப்பின்மேல்தான். உங்கள் ஃபிளாட்டுக்கு அது 1,10,000 என்றிருந்தால் வரி 7,700, அதாவது 1,400 யூரோ கூடுதல். பேரம் பேசி விலையைக் குறைத்தாலும் வரி குறையாது. வீடு சிதிலமாகக் கிடக்கிறது, இந்த மதிப்பு நியாயமில்லை என்று வாதிடலாம். ஆனால் வரியைக் கட்டிவிட்டு வாதிடுவதுதான் புத்திசாலித்தனம். முன்பணம் கொடுப்பதற்கு முன்பே வழக்கறிஞரிடம் இந்த எண்ணைக் கேட்டு வாங்குங்கள். எடுப்பது எளிது. கேட்காமல் விடுபவர்கள்தான் அதிகம்.

வீடு வாங்கினால் அங்கே குடியேற வீசா கிடைக்குமா?
– வாசகர், பட்டர்வொர்த்

கிடைக்காது. 5 லட்சம் யூரோ முதலீட்டுக்கு வதிவிட உரிமை தந்த 'தங்க வீசா' 2025 ஏப்ரல் 3 அன்று முடிந்துவிட்டது. இன்னும் அதைச் சொல்லி விற்கும் முகவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடமிருந்து வேறெதையும் வாங்காதீர்கள்.

மலேசியக் கடப்பிதழுக்கு வீசா இல்லாமலே எந்த 180 நாளிலும் 90 நாள்வரை தங்கலாம். 2025 அக்டோபர் முதல் எல்லையில் கைரேகையும் முகப்படமும் எடுத்துக் கணினியில் நாள் கணக்கு வைக்கத் தொடங்கிவிட்டார்கள். முத்திரை மங்கலாக இருந்தது என்று இனிச் சமாளிக்க முடியாது. அதற்குமேல் தங்க விரும்பும் ஓய்வுபெற்றவர்களுக்கு 'நோ லுக்ரத்தீவா' வீசா இருக்கிறது. மாதம் 2,400 யூரோ வருமானம், துணைக்கு 600 கூடுதல், ஸ்பெயினில் செல்லும் முழு மருத்துவக் காப்புறுதி, விஸ்மா புத்ரா (மலேசிய வெளியுறவு அமைச்சு) தரும் நன்னடத்தைச் சான்றிதழ் எல்லாம் காட்ட வேண்டும். வேலை செய்யக் கூடாது. ஆண்டுக்கு 183 நாளுக்குமேல் தங்கினால் நீங்கள் அந்நாட்டு வரிவாசி, உலகில் எங்கே வரும் வருமானத்துக்கும் அங்கே கணக்குக் காட்ட வேண்டும். பினாங்கில் வாடகைக்கு விட்ட கடைவீடும் அதில் அடங்கும்.

இங்கிருந்தபடியே வாங்கி முடிக்க முடியுமா? என் கடப்பிதழில் பெயர், பிறகு ஏ/எல் (இன்னாரின் மகன் என்ற குறிப்பு), பிறகு அப்பா பெயர் இருக்கிறது. அங்கே குடும்பப் பெயர் கேட்கிறார்களாமே?
– வாசகர், பிரிக்பீல்ட்ஸ்

முடியும், ஸ்பெயின் தூதரகத்துக்கு ஒரு நடை போய்வந்தால். வீட்டைப் பார்க்காமல் வாங்குவது வேறு கதை, அதை நாங்கள் ஆதரிக்கவில்லை.

முதலில் 'என்.ஐ.இ' என்ற வெளிநாட்டவர் அடையாள எண். இது இல்லாமல் பத்திரமும் இல்லை, வரி கட்டவும் முடியாது. கோலாலம்பூரிலுள்ள ஸ்பெயின் தூதரகம் வழியாக விண்ணப்பிக்கலாம். படிவம் இ.எக்ஸ்–15, கடப்பிதழ், எதற்காக எண் வேண்டும் என்பதற்கு ஒரு காரணம், சிறிய கட்டணம். எண் ஆயுளுக்கும் மாறாது. கணவன் மனைவி இருவர் பெயரிலும் வாங்குவதாக இருந்தால் இருவருக்கும் தனித்தனியாக எடுக்க வேண்டும். விலை பேசிய பிறகு விண்ணப்பித்தால் எண் வருவதற்குள் முன்பணத்தின் கெடு முடிந்துபோகும். வீடு தேடத் தொடங்கும்போதே எடுத்துவிடுங்கள்.

அடுத்தது வழக்கறிஞருக்கு அதிகாரப் பத்திரம். தூதரகத்திலேயே அதிகாரி முன் ஸ்பானிய மொழியில் கையெழுத்திட்டால் அது ஸ்பெயினில் நேராகச் செல்லும். பினாங்கில் ஒரு நோட்டரி முன் ஆங்கிலத்தில் எழுதினால் விஸ்மா புத்ரா சான்று, தூதரகச் சான்று, பதிவுபெற்ற மொழிபெயர்ப்பாளரின் ஸ்பானியப் பிரதி என்று மூன்று படி கூடும். பத்திரத்தில் வாங்குதல், என்.ஐ.இ, வங்கிக் கணக்கு, வரி செலுத்துதல், மின்சாரம் தண்ணீர் இணைப்பு மாற்றுதல் ஐந்தும் இருக்கட்டும். விற்கும் அதிகாரத்தைச் சேர்க்க வேண்டாம். வழக்கறிஞரை விற்பனை முகவர் பரிந்துரைத்தால் மரியாதையாக மறுத்துவிட்டு நீங்களே வேறொருவரைப் பிடியுங்கள். அங்கே நோத்தாரியோ அரசாங்கத்தின் சார்பில் பத்திரத்தைச் சரிபார்ப்பவர். உங்கள் பக்கம் நின்று வாதாட மாட்டார்.

பெயர் விஷயம் சின்னதாகத் தெரிந்தாலும் வேலையை நிறுத்தும். ஸ்பானியப் படிவத்தில் பெயர், முதல் குடும்பப் பெயர், இரண்டாம் குடும்பப் பெயர் என்று மூன்று கட்டம். ஒருவர் ஏ/எல்லைக் குடும்பப் பெயராக எழுதுவார், ஒருவர் விட்டுவிடுவார், வங்கி எல்லாவற்றையும் ஒரே கட்டத்தில் போடும். கையெழுத்து நாளில் கடப்பிதழ், என்.ஐ.இ, அதிகாரப் பத்திரம், காசோலை நான்கையும் ஒன்றோடொன்று வைத்துப் பார்ப்பார்கள். முதலில் வரும் ஆவணம் என்.ஐ.இ என்பதால் அங்கே எப்படிப் பிரிக்கப்போகிறார்கள் என்று தூதரகத்திலேயே கேட்டு, அந்தச் சான்றிதழின் நகலை வங்கிக்கும் வழக்கறிஞருக்கும் அனுப்பி, 'இப்படியே எழுதுங்கள்' என்று சொல்லிவிடுங்கள். கணவன் மனைவி பெயரில் பொதுவான சொல் ஒன்றும் இராது என்பதால் திருமணப் பதிவின் மொழிபெயர்ப்பையும் தயாராக வையுங்கள். நடுவில் கடப்பிதழைப் புதுப்பித்தால் கடப்பிதழ் எண் மாறிவிடும், பழையதைத் தொலைக்காதீர்கள்.

வீட்டைப் பிடித்து வைக்க 3,000 யூரோ உடனே அனுப்பச் சொல்கிறார் முகவர். பிறகு 10 விழுக்காடாம். விற்பவர் இங்கிலாந்தில் இருக்கிறார்.
– வாசகி, கிள்ளான்

3,000 அனுப்புவதற்கு முன் 'நோத்தா சிம்ப்ளே' ஒன்றைப் பதிவகத்தின் அதிகாரபூர்வ இணையத்தளத்தில் எடுங்கள். ஏறக்குறைய 10 யூரோ. நம் கெரான் (நிலப்பட்டா) தேடலைப் போல, உரிமையாளர் யார், எத்தனை பேர், அடமானம் இருக்கிறதா, நீதிமன்றத் தடை இருக்கிறதா என்பதெல்லாம் அதில் வரும். பரப்பளவையும் பாருங்கள். விளம்பரத்தில் 85 சதுர மீட்டர், பதிவில் 62 என்றிருந்தால், மூடிய பால்கனியோ மொட்டைமாடியில் அனுமதியில்லாமல் எழுப்பிய அறையோ கணக்கில் சேர்ந்திருக்கிறது. முன்பதிவுத் தாளில், சட்டச் சிக்கல் தெரியவந்தாலோ வங்கிக் கடன் கிடைக்காவிட்டாலோ பணம் திரும்பும் என்று ஒரு வரி இருக்க வேண்டும். பணம் முகவரின் சொந்தக் கணக்குக்குப் போகாமல் வழக்கறிஞரின் வாடிக்கையாளர் கணக்கில் இருப்பது நல்லது.

10 விழுக்காடு என்பது 'அர்ராஸ்' என்ற முன்பண ஒப்பந்தத்தின் தொகை. சிவில் சட்டம் 1454ஆம் பிரிவைக் குறிப்பிட்டு எழுதினால், நீங்கள் பின்வாங்கினால் பணம் போகும், விற்பவர் பின்வாங்கினால் இரட்டிப்பாகத் தர வேண்டும். பிரிவைக் குறிப்பிடாத ஒப்பந்தத்தில் வழக்குக்கு இடமுண்டு.

அடுத்து, வீட்டோடு ஒட்டிவரும் கடன்கள். அடுக்குமாடியின் உரிமையாளர் சங்கத்துக்கு, நம் ஜே.எம்.பி (கூட்டு நிர்வாக அமைப்பு) போன்றது, விற்பவர் பாக்கி வைத்திருந்தால் நடப்பு ஆண்டுக்கும் அதற்கு முந்தைய மூன்று ஆண்டுக்குமான தொகைக்கு வீடு பொறுப்பு. சங்கத்தின் நிர்வாகி தரும் பாக்கியில்லாச் சான்றிதழைக் கேளுங்கள். கூடவே கடைசி இரண்டு மூன்று கூட்டக் குறிப்புகளையும் வாங்கிப் படிக்கச் சொல்லுங்கள். மின்தூக்கி வைக்க, முகப்பைச் செப்பனிட என்று 'தெர்ராமா' என்ற சிறப்புக் கட்டணம் வசூலிக்கத் தீர்மானம் போட்டிருந்தால் சான்றிதழில் அது தெரியாது. வீடு மலிவாக விற்பனைக்கு வந்த காரணமே சில சமயம் அந்தக் குறிப்பில் இருக்கும்.

விற்பவர் ஸ்பெயினில் வசிக்காதவர் என்பதால் உங்களுக்கு இரண்டு கூடுதல் வேலை. விலையில் 3 விழுக்காட்டைப் பிடித்துக்கொண்டு, மொதேலோ 211 என்ற படிவத்தில் ஒரு மாதத்துக்குள் வரி இலாகாவுக்குக் கட்ட வேண்டும். 90,000க்கு அது 2,700. முழு விலையையும் விற்பவரிடமே கொடுத்துவிட்டால், அந்த வரிப் பொறுப்பு வீட்டின் தலையில் விழும். இரண்டாவது, நிலமதிப்பு உயர்வுக்காக நகராட்சி வசூலிக்கும் 'பிளஸ்வாலியா' வரி. அது விற்பவர் கட்டவேண்டியது, ஆனால் அவர் வெளிநாட்டில் இருந்தால் நகராட்சி உங்களிடம்தான் வரும். அந்தத் தொகையையும் கணக்கிட்டுப் பிடித்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

தரைத்தளமோ ஆற்றோரமோ என்றால் வெள்ள வரைபடத்தைப் பார்க்காமல் வாங்காதீர்கள். 2024 அக்டோபர் 29 அன்று வலென்சியாவில் வந்த வெள்ளத்துக்குப் பிறகு இதை விளக்க வேண்டியதில்லை. வரைபடம் அரசாங்கத் தளத்தில் இலவசம்.

இ.பி.எஃப் (ஊழியர் சேமநிதி) பணத்தை எடுக்கலாமா? அங்கே வங்கிக் கடன் கிடைக்குமா?
– வாசகர், சுங்கை பட்டாணி

வீட்டுக்கென எடுக்கும் இ.பி.எஃப் சலுகை மலேசியாவில் உள்ள வீட்டுக்கு மட்டுமே. 55 வயதுக்குப் பிறகு எடுக்கும் பணத்தை எதற்கும் பயன்படுத்தலாம்.

வெள்ளியை மாற்றி வெளியே முதலீடு செய்வதற்கு மலேசிய மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் விதி உண்டு. உள்நாட்டில் வெள்ளிக் கடன் உள்ளவர் ஓர் ஆண்டுக்கு 10 லட்சம் வெள்ளிவரை அனுப்பலாம், கடன் இல்லாதவருக்கு உச்சவரம்பு இல்லை. ஒரு வீட்டுக் கடன், ஒரு வாகனக் கடன், கடன் அட்டை ஆகியவை இதில் கடனாகக் கணக்கிடப்படுவதில்லை. மலிவு வீட்டுக்கு இந்த வரம்பு இடிக்காது. பணம் எங்கிருந்து வந்தது என்று ஸ்பெயின் வங்கி கேட்கும் கேள்விதான் நேரம் தின்னும். இ.பி.எஃப் அறிக்கை, சம்பள அறிக்கை, வீடு விற்ற பத்திரம் எதுவானாலும் முன்கூட்டியே ஸ்கேன் செய்து வையுங்கள்.

அங்கே வசிக்காதவருக்கு வங்கிகள் வழக்கமாக வீட்டு மதிப்பில் 60 முதல் 70 விழுக்காடு தரும். 50,000க்குக் குறைவான கடனில் பல வங்கிகளுக்கு ஆர்வமிருக்காது, ஆகவே மிக மலிவு வீட்டை ரொக்கமாக வாங்கத்தான் தயாராக வேண்டும். கடன் எடுப்பவர் மதிப்பீட்டுச் செலவை ஏற்க வேண்டும். கடன் பத்திரத்தின் மற்றச் செலவுகள் 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி வங்கியுடையவை.

சுற்றுலாப் பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விட்டு மாதத் தவணை கட்டலாம் என்று நினைக்கிறேன்.
– வாசகர், பாயான் பாரு

இந்த நம்பிக்கையில் வாங்காதீர்கள். 2025 ஏப்ரல் 3 முதல், அடுக்குமாடியில் புதிதாகச் சுற்றுலா வாடகை தொடங்க உரிமையாளர் சங்கத்தில் ஐந்தில் மூன்று பங்கு ஒப்புதல் வேண்டும். பிராந்திய உரிமம் தனி. பார்சலோனா 2028 நவம்பருக்குள் தன்னுடைய 10,101 சுற்றுலா ஃபிளாட் உரிமங்களையும் முடிக்கப்போவதாக அறிவித்துவிட்டது. மாலகா நகரம் 43 வட்டாரங்களில் புது உரிமம் நிறுத்தியது. நீண்டகால வாடகைக்கு விட்டால், குடியிருப்பவர் விரும்பினால் ஐந்து ஆண்டு இருக்கலாம். நடுவில் நீங்கள் போய்த் தங்க முடியாது.

வாங்கியபின் ஆண்டுதோறும் என்ன செலவு? 100 விழுக்காடு வரி போடப்போகிறார்கள் என்பது உண்மையா?
– வாசகி, பெட்டாலிங் ஜெயா

நகராட்சிக்கு 'ஐ.பி.ஐ' என்ற சொத்து வரி, குப்பைக் கட்டணம், சங்கப் பராமரிப்பு, காப்புறுதி. இவை எல்லாருக்கும் தெரியும். தெரியாமல் விடுவது மொதேலோ 210 என்ற வரிப் படிவம். வீட்டை வாடகைக்கு விடாமல் பூட்டி வைத்திருந்தாலும், அதிலிருந்து ஒரு வருமானம் வந்ததாகப் பாவித்து வரி போடுகிறார்கள். கதாஸ்த்ரோ மதிப்பில் 1.1 அல்லது 2 விழுக்காடு வருமானம், அதில் 24 விழுக்காடு வரி. கதாஸ்த்ரோ மதிப்பு 40,000, விகிதம் 2 என்றால் ஆண்டுக்கு 192 யூரோ. இந்த மதிப்பு மேலே சொன்ன குறிப்பு மதிப்பிலிருந்து வேறு, ஐ.பி.ஐ ரசீதில் அச்சாகியிருக்கும். அடுத்த ஆண்டு டிசம்பர் 31க்குள் கட்ட வேண்டும். இருவர் பெயரில் இருந்தால் இரண்டு படிவம். யாரும் நினைவூட்டுக் கடிதம் அனுப்ப மாட்டார்கள், விற்கும்போதுதான் நிலுவை தலைகாட்டும்.

100 விழுக்காடு வரி என்பது பிரதமர் பெத்ரோ சாஞ்செஸ் 2025 ஜனவரியில் சொன்ன யோசனை. அங்கே வசிக்காத, ஐரோப்பிய ஒன்றியத்தைச் சேராதவர்களைக் குறிவைத்தது. அவருடைய கட்சி அதே ஆண்டு மே மாதம் மசோதாவாகக் கொண்டுவந்தது. மசோதா வேறு, சட்டம் வேறு. அர்ராஸ் கையெழுத்திடும் வாரத்தில் அதன் நிலையை வழக்கறிஞரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

எங்களுக்குப் பிறகு பிள்ளைகளுக்கு வீடு எப்படிப் போகும்?
– வாசகர், ஈப்போ

மலேசியாவில் மரபுரிமை வரி 1991லேயே நீக்கப்பட்டது. ஸ்பெயினில் உண்டு, பிள்ளைகள் மலேசியாவில் இருந்தாலும் அங்குள்ள வீட்டுக்குக் கணக்குக் காட்ட வேண்டும், இறந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள். அந்தலூசியாவில் பிள்ளைகளுக்குத் தலைக்கு 10 லட்சம் யூரோவரை விலக்கு இருப்பதால் மலிவு வீட்டுக்கு வரி வராது. ஆனால் படிவத்தைத் தாக்கல் செய்யாவிட்டால் பெயர் மாற்ற முடியாது.

வீடு வாங்கும் அதே பயணத்தில் நோத்தாரியோ முன் ஸ்பெயின் சொத்துக்கு மட்டும் ஒரு தனி உயில் எழுதிவிடுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 650/2012 விதிப்படி மலேசியச் சட்டமே பொருந்தும் என்று அதில் தேர்ந்தெடுத்துக் குறிப்பிடலாம். இங்குள்ள உயிலில் 'இதற்கு முந்தைய உயில்கள் எல்லாம் ரத்து' என்ற வழக்கமான வரி இருக்கும். பிறகு எப்போதாவது இங்கே உயிலை மாற்றி எழுதினால் அந்த வரி ஸ்பெயின் உயிலையும் அடித்துவிடும். 'ஸ்பெயினில் எழுதியது நீங்கலாக' என்று இங்குள்ள வழக்கறிஞரிடம் சேர்க்கச் சொல்லுங்கள்.